ராயர் வீட்டுக் கிழக்குச் சாளரம்

வேழமலை நாட்டை முன்னாளில் பூபாலவர்மன் என்றோர் அரசன் ஆண்டான். காலையில் இட்ட ஆணையை மாலையில் மாற்றுவது அவன் வழக்கம். அவனுடைய கோட்டைக்குள் ஒரு கடைவீதி இருந்தது. கிழக்கு வாயிலுக்கு வெளியே மருதம்பேட்டை என்னும் புறநகர் இருந்தது. கோட்டை வீதியில் வணிகர்கள் ஈ ஓட்டினார்கள்; பேட்டையிலோ எள் போட்டால் எள் விழாது.

கோட்டை வீதிக்கு அதிகாரி வல்லபராயர். பேட்டைக்கு அதிகாரி அங்கயற்கண்ணி என்னும் பெண்மணி. ராயர் நாள்தோறும் தம் மாளிகையின் கிழக்குச் சாளரத்தில் அமர்ந்து பேட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவையில் எழுந்தார். "அரசே, பேட்டைக்காரி ஏதோ வசிய மை வைத்திருக்கிறாள். இல்லாவிட்டால் அரண்மனைத் தாதியர்கூடப் பூ வாங்க அங்கே ஓடுவார்களா?"

அரசனுக்கும் சுருக்கென்றது. "பட்டத்தரசி அணிந்திருக்கும் வளையலும் பேட்டை வளையலாமே!" என்று முகம் சிவந்தான். "அங்கயற்கண்ணி தன் மந்திரத்தை நாளைக்கே அவையில் கொண்டுவந்து வைக்கட்டும். தவறினால் கிழக்கு வாயிலை அடைத்துவிடுங்கள்."

வாயில் அடைபட்டால் பேட்டையில் முந்நூறு குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிடும். மறுநாள் கோட்டை வணிகரும் பேட்டை வணிகரும் அவையில் நெருக்கியடித்து நின்றார்கள். அங்கயற்கண்ணி வெறுங்கையுடன் வந்தாள்.

"மந்திரம் எங்கே, அம்மையே?" என்றான் அரசன்.

"அதை ராயர் வைத்திருக்கிறார், அரசே."

"நானா? அபாண்டம்!" என்று ராயர் துள்ளினார்.

"பதற வேண்டாம், ராயரே. பேட்டையில் மூன்றாம் கடை யாருடையது?"

"சீப்புக்காரன் பொன்னாண்டியுடையது!" கேள்வி முடியுமுன் விடை வந்தது. "புதுக்கடை என்று அவனுக்கு ஆறு மாதம் சுங்கத்தை விலக்கினீர். வெயிலில் வாடிய குயவனைப் புங்கமரத்தடிக்கு மாற்றினீர். கடைவாசலை மறைத்த வண்டிகளையெல்லாம் குளக்கரையில் அவிழ்க்கச் செய்தீர். உம் சாவடிக்கு வேண்டிய பாயும் கயிறும்கூடப் பேட்டைக் கடையிலேயே வாங்குகிறீர்! எனக்குத் தெரியாது என்று நினைத்தீரோ?"

அவை வாய்பிளந்து நின்றது. பேட்டை வணிகர்களே தலையாட்டினார்கள்.

"ஓர் எழுத்தும் பிசகவில்லை" என்றாள் அவள். "இனி, தங்கள் கோட்டை வீதியில் மூன்றாம் கடை யாருடையது?"

ராயர் வாயைத் திறந்தார். மூடினார். "அது... துணிக்கடை... இல்லை, பருப்புக் கடை..."

"எண்ணெய்க் கடை" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் முன்வந்தார். "என் பெயர் ஆதிமூலம், அரசே. வாசலில் மழைநீர் தேங்கி வாடிக்கையாளர் வர வழியில்லை. வாய்க்கால் வெட்டித் தருமாறு கேட்டு ஒரு மழைக்காலம் முழுவதும் ராயர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் மாடத்தைவிட்டு இறங்கவே இல்லை. முடிவில் கடையைப் பூட்டிவிட்டுப் பேட்டைக்குப் போய்விட்டேன்."

"ஆமாம் அரசே!" என்று ராயர் தம்மை மறந்து கூவினார். "குளக்கரையிலிருந்து ஒன்பதாவது கடை! நீலப் படுதா! இந்த ஆளேதான்!"

அவை அதிரச் சிரித்தது. என்ன சொன்னோம் என்பது ராயருக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்தில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் என் மந்திரம், அரசே" என்றாள் அங்கயற்கண்ணி. "மீன் தன் முட்டையைப் பார்த்துப் பார்த்தே பொரிக்கும் என்பார்கள். ராயர் என் தெருவைப் பார்க்கிறாரே, அதே கவனத்தோடு நானும் என் தெருவைப் பார்க்கிறேன். வேறொன்றும் இல்லை."

தன் மனைவியின் வளையலை எண்ணித் தானும் புழுங்கியது அரசனின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் ஆணையிட்டான்: "அடைக்கச் சொன்னேன், அடைத்தே தீர வேண்டும். ஆனால் வாயிலை அன்று. ராயர் வீட்டுக் கிழக்குச் சாளரத்தை. கோட்டை வீதியைப் பார்க்க மேற்கே ஒரு சாளரம் திறக்கட்டும். அம்மையே, உமக்குப் பட்டுப் போர்த்த விரும்புகிறேன்."

"பேட்டைத் தறியில் நெய்ததென்றால் பெற்றுக்கொள்கிறேன், அரசே."

அரசன் உரக்கச் சிரித்தான். "இந்த ஊரில் வேறு பட்டு ஏது?"

அடுத்த மழைக்காலம் வருமுன்பே கோட்டை வீதியில் வாய்க்கால் வெட்டப்பட்டது. ராயரின் கண் என்றுமே கூர்மையானதுதான், திசைதான் தப்பியிருந்தது.