கால்தடம் இல்லாத ஊர்

ஆமைக்குடியிருப்பு ஊர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். கஷ்டமெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

ஒரு கோடையில் ஜீப்பில் ஒரு அம்மா வந்து ஒலிபெருக்கியில் பேசினார். பூமி சூடாகிறதாம், மழை பொய்க்கிறதாம், மனிதர்கள் விட்டுச்செல்லும் கார்பன் தடம்தான் காரணமாம். "உங்கள் தடத்தை நீங்கள்தான் குறைக்க வேண்டும்" என்று கும்பிட்டார். ஜீப் கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது.

ஊர்த்தலைவர் ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். தெருப் புழுதி முழுக்கத் தடம். "அடப்பாவிகளா, இவ்வளவு பெரிய குத்தத்தையா தெனமும் செஞ்சுக்கிட்டு இருந்தோம்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கார்பன்னா கரி, அண்ணாச்சி," என்றார் கொம்பையா. ஊரிலேயே பெரிய போன் அவருடையது. அதனால் அவருக்குத் தெரியாதது கிடையாது. "கரியை மிதிச்சவன் தடம் மட்டுந்தான் தப்பு."

"அவனை எங்கே போய்த் தேட? எல்லாத் தடத்தையும் அழிச்சிருவோம்."

மறுநாள் முதல் ஆணும் பெண்ணும் இடுப்பில் விளக்குமாற்றைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். முன்னே கால் பதியும், பின்னே விளக்குமாறு அழிக்கும். பைக் வைத்திருந்தவர்கள் பின்னால் பனையோலையைக் கட்டினார்கள். கோழிகளுக்கு விஷயம் புரியாததால் அவற்றைக் கூடையில் சுமந்தார்கள்.

அந்தப் பக்கம் வந்த சேலை வியாபாரி ஒருவர் தெருவைப் பார்த்தார். ஆட்கள் நிற்கிறார்கள், தரையில் ஒரு தடம்கூட இல்லை. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார். 'இது பேய்கள் வாழும் ஊர். கால்தடமே இல்லை. உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்' என்று வாட்ஸப்பில் போட்டார். உண்மைத் தமிழர்கள் எல்லாரும் பகிர்ந்தார்கள்.

சுற்றிச் சுற்றி அது கொம்பையாவின் போனுக்கே வந்தது. வழக்கம்போலப் படிக்காமலேயே ஊர்க் குழுவில் போட்டுவிட்டு, பிறகு படித்தார். தண்ணீர்த் தொட்டி அடியில் கூட்டம் கூடியது.

"இது நம்ம தெருதான். வாசல்ல நிக்கிறது நான்தான்," என்றாள் சங்கரவடிவு. "அப்போ நாம செத்துட்டமா?"

"எனக்குப் பசிக்குதே," என்றார் ஆவுடையப்பன்.

"பேய்க்கும் பசிக்கும். இல்லாட்டி எதுக்குப் படையல் வைக்கோம்?" என்றாள் சங்கரவடிவு.

கொம்பையா ஆவுடையப்பனைக் கிள்ளிப் பார்த்தார். "வலிக்குதுல்லா!"

"வலிச்சா என்ன அர்த்தம்? ஆத்மா சாந்தியடையலைன்னு அர்த்தம்," என்றார் கொம்பையா.

முடிவு ஏற்படவில்லை. அன்று சாயந்தரம் சங்கரவடிவின் மகள் பூரணத்தைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. நல்ல இடம். கேசரி கிண்டி வைத்துவிட்டு, எல்லாரும் விளக்குமாறும் இடுப்புமாகப் பஸ் நிறுத்தத்தில் வரவேற்க நின்றார்கள். பஸ் வந்தது. வேகம் கூடியது. மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலை இழுத்து மூடியதுதான் தெரிந்தது.

சங்கரவடிவு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "உசிரோட இருக்கிறவளுக்குப் பஸ் நிக்காமப் போகுமா?"

கொம்பையா குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார்: நாம் உயிருடன் இருக்கிறோமா? இல்லை என்பதற்குத்தான் அதிக ஓட்டு.

"அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்," என்றாள் பூரணம்.

"நீ குழுவுல இல்லை. பேசாத," என்றாள் தாய்.

ஆவுடையப்பன் கடமை தவறாதவர். 'நம் அனைவரின் மறைவுக்கும் ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி, கீழே அழும் முகம் போட்டார். ஆளாளுக்கு 'நன்றி' என்று பதில் போட்டார்கள். தலைக்குக் குளித்தார்கள். கேசரியைத் தங்களுக்கே படைத்து, தாங்களே தின்றார்கள்.

சில நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தாள். "அது வெறும் வதந்தியாமே மதினி, மன்னிச்சிருங்க. வாற வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாறோம்."

சங்கரவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒரு வருசம் போகட்டும் மதினி. வீட்டுல ஒரு சாவு விழுந்துட்டு."

"அய்யய்யோ! யாரு?"

"நான்தான்."

மறுமுனையில் ஒரு விசும்பல் கேட்டது.

"சாகுற வயசா மதினி உங்களுக்கு? உங்களை எப்போ எடுக்காக?"