தேய்ந்த அகப்பையும் நழுவிய அரைப்பட்டையும்

ரொம்ப ரொம்ப முந்தி, கொன்றைக்கோட்டைச் சீமையை உக்கிரபூபதி என்று ஒரு ராசா ஆண்டுகொண்டிருந்தான். சரியான சந்தேகப் பிராணி. தன் நிழல் பின்னால் வந்தால்கூட, "உன்னை யாருடா அனுப்பினது?" என்று கேட்பான். சோற்றிலேயும் அப்படித்தான். பரிமாறுகிறவன் குறைத்துவிடுவானோ என்று, தேங்காய்ச் சிரட்டை அகப்பையால் போடுகிற ஆறு அகப்பைச் சோற்றையும் வாய்விட்டு எண்ணித்தான் சாப்பிடுவான். பொழுது சாய்ந்தால் அதிரசத்துக்கு மனசு அலையும்.

உடம்பு பெருத்துப் போச்சு. நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. "சோற்றையும் இனிப்பையும் குறைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்றார் வைத்தியர். ராசா ஒரே நாளில் இரண்டையும் அடியோடு நிறுத்தினான். மறுநாள் வெறிபிடித்து இரட்டைப் பங்கு தின்றான். தின்ற கையோடு, "என்னைப் பட்டினி போட உன்னை ஏவின எதிரி யார்?" என்று வைத்தியரை நாடு கடத்திவிட்டான். இனிமேல் சோற்றைக் குறைக்கச் சொல்கிறவன் தலை தப்பாது என்று முரசும் அறைந்தாயிற்று.

மந்திரி தாண்டவராயர் அதைக் கேட்டுவிட்டு மடைப்பள்ளிப் பக்கம் நடந்தார்.

சில மாசம் போச்சு. ஒருநாள் கொலுவிலே ராசா எழுந்து நின்றான். பாட்டன் காலத்துத் தங்க அரைப்பட்டை சரசரவென்று நழுவிக் காலடியில் விழுந்தது.

மடைப்பள்ளி அதிகாரி கச்சிராயருக்கு மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண். ராசா காதோரம் குனிந்தார். "மகாராசா, உடம்பு உருகுதே. மெல்லக் கொல்லுகிற மருந்தாக இருக்குமோ? மந்திரி மடைப்பள்ளியிலே நடமாடினதை நானே பார்த்தேன்."

ராசாவின் கண் சுருங்கிப்போச்சு. "ஓய் மந்திரி, மடைப்பள்ளியிலே உமக்கு என்ன வேலை?"

"திருட்டு வேலைதான் மகாராசா. தங்கள் சோற்றைத் திருடினேன்."

"பொய். ஆறு அகப்பையும் நானே எண்ணினேன்."

"எண்ணினீர்கள். அகப்பையைப் பார்த்தீர்களா?"

மந்திரி மடியிலிருந்து சிரட்டை அகப்பையை எடுத்து நீட்டினார். விளிம்பு தேய்ந்து பாதிச் சிரட்டைதான் பாக்கி. "தினமும் கல்லிலே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். குறைந்த இடத்திலே கீரையும் பயறும் வைக்கச் சொன்னேன்."

"என் அதிரசம்?"

"பாகு காய்கிறது என்று சொல்லி, ஒரு சொம்பு மோரும் ஒரு வழக்கும் கொண்டுவந்தேன். தீர்ப்புச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே பெரும்பாலும் ஆசை ஆறிப்போகும். ஆறாத நாளிலே ஒன்று கொடுத்தேன்."

ராசா தாடியைத் தடவினான். "உலையிலே அரிசி குறையவில்லையே. மிச்சச் சோறு யார் வீட்டுக்குப் போச்சு?"

கச்சிராயர் பாய்ந்து வந்தார். "அப்படிக் கேளுங்கள் மகாராசா. அதைத் தின்றவன் எவனோ அவனே துரோகி. அவன் தலையை எடுங்கள்."

"நியாயமான பேச்சு" என்றார் மந்திரி. "ராசா இடுப்பிலே இறங்கினது எவன் இடுப்பிலே ஏறியிருக்கோ, இந்தப் பட்டையே சொல்லட்டும்."

பட்டையை மாட்டி முதலில் தானே நின்றார். அது நேரே தரைக்குப் போச்சு. அப்புறம் கச்சிராயருக்கு மாட்டினார்கள். அவர் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்தார். கொக்கி மாட்டிக்கொண்டது. மூச்சை விட்டார். பட்டை சதைக்குள்ளே புதைந்துபோச்சு; கொக்கியைக் கழற்ற முடியவில்லை.

"வீணாகப் போகுதேன்னு..." என்று இழுத்தார்.

"பாவம், குப்பையிலே கொட்ட மனசு வராதே உமக்கு" என்றான் ராசா.

அப்படியும் ராசாவுக்கு மந்திரிமேல் நம்பிக்கை வரவில்லை. சிங்காதனப் படியில் இறங்கினான், ஏறினான், மறுபடியும் இறங்கி ஏறினான். நெஞ்சிலே கைவைத்துப் பார்த்தான். இரைப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் முகம் தெளிந்தது.

"மந்திரி, அந்தத் தங்கப்பட்டை உமக்குத்தான். ஆனால் கச்சிராயர் இடுப்பைவிட்டுத் தானாகக் கழலுகிற அன்றைக்கு எடுத்துக்கொள்ளும். அதுவரைக்கும் அவர் தலை கழுத்திலேயே இருக்கட்டும்; சோறு மட்டும் இந்தத் தேய்ந்த அகப்பையால் போடும்."

உட்கார்ந்ததும் ராசாவுக்கு நாக்கு ஊறியது. "சரி, அதிரசம் எங்கே?"

"பாகு காய்கிறது மகாராசா."

ராசா மந்திரியை ஏற இறங்கப் பார்த்தான். "காயட்டும். அடுத்த வழக்கைக் கூப்பிடும். மோரும் வரட்டும். முதல் வாய் மட்டும் நீரே குடித்துக் காட்டும்."