எறும்பின் சாவி

"ஆறு மாசமா என் வேலையை வாசல்லயே நிக்க வச்சிருக்கீங்க. இது நியாயமா?"

இளம்பரிதி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வாங்கண்ணா. டீ குடிச்சுட்டுச் சண்டை போடலாம்" என்றாள் பூவிழி.

இளம்பரிதி சென்னையில் பெயரெடுத்த மென்பொருள்காரர். திரைக்குப் பின்னால் ஓடும் சர்வர் வேலையில் பதினைந்து வருஷம் ஊறியவர். பூவிழி அவரைவிடப் பத்து வயது சின்னவள், பொள்ளாச்சியில் ஒரு பேக்கரி மாடியில் குடியிருப்பவள். ஆனால் 'எறும்பு' அவள் எழுதியது.

இணையத்தில் டிக்கெட் எடுக்க ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முண்டியடித்தாலும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக அனுப்பி வைக்கிற நிரல் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் திருத்தமும் அனுப்பலாம். சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டும் அவள் கையில். அதனால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அவளைக் குரு என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

இளம்பரிதியும் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். அதைச் சேர்த்தால் எறும்பு இரண்டு மடங்கு வேகமாக ஓடும். அவள் சேர்க்கவில்லை. கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதினாள்: ஒரே சீட்டை ரெண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால்?

அதெல்லாம் லட்சத்தில் ஒரு தடவை நடப்பது என்று அவர் பதில் போட்டார். அவள் அதே கேள்வியைத் திரும்பவும் போட்டாள். மனிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? திங்கட்கிழமை பெரிய கம்பெனி ஒன்றில் நேர்காணல், தலைமைப் பொறுப்புக்கு. எறும்பில் உங்கள் கை பட்டிருக்கிறதா என்று அவர்கள் முன்கூட்டியே விசாரித்தார்கள். இவரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இதோ சேரப்போகிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டார். வீட்டில் மனைவி இனிப்பு வேறு வாங்கி வைத்துவிட்டாளாம். எல்லாவற்றையும் டீயும் தேங்காய் பன்னுமாக ஒரே மூச்சில் கொட்டி முடித்தார்.

பூவிழி தன் லேப்டாப்பை இழுத்து ஏதோ தட்டினாள்.

"சரிங்கண்ணா. என்கிட்ட இருக்கிற அதே சாவி இப்ப உங்ககிட்டயும் இருக்கு. யாரையும் கேக்க வேண்டாம். நீங்களே சேத்துக்கலாம்."

இளம்பரிதிக்குத் தலைகால் புரியவில்லை. பன்னை அப்படியே வைத்துவிட்டுத் தன் லேப்டாப்பைத் திறந்தார். கண்ணெதிரே பச்சைப் பொத்தான். அழுத்தினால் வேலை முடிந்தது. விரலைக் கொண்டுபோனார்.

திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாச்சா என்று பூவிழி விசாரித்தாள்.

இனிமேல்தான் எடுக்க வேண்டும், நாளைக்கு முகூர்த்த நாள், பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு நூறு பேர் அடித்துக்கொள்வார்கள் என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்த பஸ் கம்பெனியும் எறும்புதாங்கண்ணா வச்சிருக்காங்க. புதுசா எது சேந்தாலும் உடனே எடுத்துக்குவாங்க."

விரல் நின்றது.

சென்னை வரைக்கும் நின்றுகொண்டே போகிற தன்னை அவர் பார்த்தார். அதே சீட்டு நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு பக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணையும் பார்த்தார்.

கையை எடுத்துவிட்டார். தான் எழுதியதை முதல் வரியிலிருந்து படித்தார். டீ ஆறி ஏடு கட்டியது.

கடைசியில் தன் திருத்தத்தின் கீழே ஏதோ எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். அவள் கேட்ட அதே கேள்விதான், ஒரு எழுத்து மாறவில்லை.

"திங்கட்கிழமை என்ன சொல்லுவீங்க?"

"இன்னும் சேரலைன்னு சொல்லுவேன்."

"யார் விடலைன்னு கேட்டா?"

"நான்தான்னு சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே பையைத் துழாவினார் இளம்பரிதி. "சார்ஜர் ஒண்ணு குடுங்க. இதைச் சரி பண்ணிட்டுத்தான் கெளம்பணும்."