பள்ளத்தாக்கில் பதிந்த பிஞ்சுக் கால்

பாறை மேல் கால் வைத்தால் தடம் விழுமா? விழாது. உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அமெரிக்கா சுற்றிப் பார்க்கப் போன கோணமடை ஊர்க்காரர்கள் நாலு பேருக்கு மட்டும் அது தெரியாமல் போனதால் வந்த கூத்துதான் இது.

பருத்தி விதைக் கம்பெனி நடத்திய குலுக்கலில் குருவம்மாவின் புருஷன் அழகுமலைக்குப் பரிசு விழுந்தது. நாலு பேருக்கு அமெரிக்கப் பயணம், சாப்பாடு உட்பட. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், அழகுமலையின் அண்ணன் பொண்டாட்டி பேச்சியம்மா, நாலாவதாக ஊர்த் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுகிற மோக்கையன். அவர் எதற்கு? "புது ஊரு. குழாயைத் திறக்க ஆள் வேண்டாமா?" என்றார் அழகுமலை. நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

குருவம்மாவுக்குச் சிலையும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். பயணத்தில் கடைசி ஊர் டென்வர். அங்கேதான் அவள் தம்பி தங்கையா ஒரு ஓட்டலில் சமையல்காரனாக இருக்கிறான். மீசை அரும்பாத வயசில் விமானம் ஏறியவன், அப்புறம் அவள் கண்ணில் படவே இல்லை. சீடை என்றால் அவனுக்கு உயிர். அதற்காகவே பச்சரிசியை ஊறப்போட்டு, உலர்த்தி, இடித்துச் சலித்து, வறுத்து, மாவைத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டாள். விமானத்தில் பையை மேலே வைக்கச் சொன்னபோதும் மடியை விட்டு இறக்கவில்லை.

கூட்டிப் போக வந்த கைடு ஆல்பர்ட் திருச்சிக்காரன். முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, அக்கா, இங்கே போர்டுல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே செய்யணும். உங்க மேல ஒரு புகார் வந்தாலும் கம்பெனி நேரா ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டுரும். டென்வர் கிடையாது."

டென்வர் கிடையாது என்றால் குருவம்மாவுக்குத் தம்பியும் கிடையாது. அன்றிலிருந்து போர்டைக் கண்டால் போதும், "தம்பி, அதுல என்ன போட்டிருக்கு?" என்று ஆல்பர்ட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

முதலில் நியூயார்க்கில் ஒரு அருங்காட்சியகம். எதையும் தொடக் கூடாது என்று போட்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"தரையும் 'எதையும்'ல சேர்த்திதானே மதினி?" என்றார் அழகுமலை.

பேச்சியம்மா யோசித்தாள். "தரையைச் செருப்புதான் தொடுது. செருப்புக்குள்ள நாம இருக்கோம். நாம எதையும் தொடலை."

அந்தத் தீர்ப்போடு உள்ளே போய், ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி மண்டபம் மண்டபமாக நடந்தார்கள். எதிரே வந்த காவலாளி என்ன நினைத்தாரோ, அவரும் கையைத் தூக்கிவிட்டார். வெளியே போகிற கதவைத் தொட முடியாதே! யாராவது வந்து திறக்கட்டும் என்று சாயங்காலம் வரை கதவு முன்னால் வரிசையில் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அங்கே ஏதோ பெரிதாகக் காட்டப்போகிறார்கள் என்று அவர்களும் நின்றார்கள்.

அடுத்தது தரையிலிருந்து வெந்நீர் பீறிட்டு அடிக்கிற பூங்கா. கரடியிடமிருந்து நூறு கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்றது அங்கே போர்டு.

"தள்ளி நிக்கலாம்," என்றார் மோக்கையன். "ஆனா கரடி எங்கேன்னு தெரியாம எங்கேருந்து அளக்க?"

அதுவும் சரிதானே! கரடியைத் தேடிக் கிளம்பினார்கள். நல்ல வேளை, கடை வாசலில் ஆளுயரப் பஞ்சுக் கரடி ஒன்று நின்றது. பேச்சியம்மாவின் மாற்றுப் புடவையை விரித்து விரித்து அளந்து, நூறு கஜம் வந்த இடத்தில் கரடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் வெந்நீர் பனைமர உயரத்துக்கு எழும்பியது. கூட்டம் ஓவென்று கத்தியது. கோணமடைக்காரர்கள் திரும்பவில்லை. திரும்பின நேரம் பார்த்து கரடி ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டால்?

புகார் இல்லாமலே இப்படி அரிசோனா பள்ளத்தாக்கு வரைக்கும் வந்துவிட்டார்கள். இதை விட்டால் டென்வர்தான்.

பள்ளத்தாக்கு என்றால் சாதாரணப் பள்ளம் இல்லை. நம் மலையைப் பிடுங்கித் தலைகீழாகச் செருகினாலும் நுனி தட்டாது. மோக்கையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மோட்டார் போட்டா கட்டுப்படி ஆகாது," என்று மட்டும் சொன்னார். ஓரம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், அங்கே நிற்கிறது போர்டு. ஆல்பர்ட் படித்துச் சொன்னான்:

"இங்கேருந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது. காலடித் தடத்தை மட்டும்தான் விட்டுட்டுப் போகணும்."

சொல்லிவிட்டு அவன் காப்பி வாங்கப் போய்விட்டான். குருவம்மா திரும்பிப் பார்த்தாள். வந்த வழியெல்லாம் மொட்டைப் பாறை. ஒரு தடம் இல்லை.

"போச்சு! நாம ஒண்ணுமே விடலையே!"

மோக்கையன் ஓங்கிக் குதித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது, தடம் விழவில்லை. பாட்டில் தண்ணீரில் காலை நனைத்து அழகுமலை நடந்தார். அவர் திரும்புவதற்குள் வெயில் அதை நக்கிவிட்டது.

"எல்லாருமா இப்படி ஏமாத்திட்டுப் போறாங்க? அங்கே பாருங்க," என்று பேச்சியம்மா காட்டினாள். கயிறு கட்டிய ஒரு பாறையில், என்றோ செத்துப்போன ஏதோ பிராணியின் கால் பதிந்து கல்லாகியிருந்தது. மூன்று விரல்.

"பாவம், ரெண்டு விரல் இல்லாத மனுசன்," என்றார் அழகுமலை. "அந்தக் குறையோடயும் சட்டத்தை மதிச்சிருக்கான். அதான் கயிறு கட்டிக் கௌரவப்படுத்தியிருக்காங்க."

குருவம்மா மடியிலிருந்த பையைத் தடவினாள். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து சாமி படம் வரைக்கும் மாவில் பிஞ்சுக் கால் வைக்கிற கை அது. சீடை இல்லாவிட்டாலும் தம்பி பிழைத்துக்கொள்வான், தம்பியைப் பார்க்காமல் தான் பிழைக்க முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவைக் கரைத்தாள். கைமுஷ்டியை முக்கிப் பாறையில் ஒற்றினாள், விரல் நுனியால் அஞ்சு பொட்டு வைத்தாள்.

"இது நம்ம கால் இல்லையே, கண்ணன் காலாச்சே?" என்றார் அழகுமலை.

"யார் காலுன்னு போர்டுல இருக்கா?" என்றாள் பேச்சியம்மா.

இல்லைதான். நடந்த இடமெல்லாம் தடம் வேண்டும் என்று வேலி இல்லாத ஓரம் வரைக்கும் வைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு கைப்பிடி மாவை மட்டும் குருவம்மா யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். நாலு சீடையாவது தேறும்.

ஆல்பர்ட் காப்பியோடு திரும்பியபோது பெரிய தொப்பி வைத்த பூங்கா அதிகாரி அம்மா ஒருத்தி முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தாள். வெறுங்காலோடு ஒரு சின்னக் குழந்தை பள்ளத்தை நோக்கி நடந்து போயிருக்கிறது. திரும்பி வந்த தடம் இல்லை. விசில் பறந்தது. கயிற்றோடும் கொக்கியோடும் ஆட்கள் ஓடி வந்தார்கள். அந்தம்மா கேட்கக் கேட்க, ஆல்பர்ட் அதைத் தமிழில் கேட்டான்.

"குழந்தை பேரு என்னன்னு கேக்குறாங்க!"

"கண்ணன்," என்றாள் குருவம்மா.

"அம்மா யாரு?"

"யசோதை."

"அவங்க எங்கே?"

"கோகுலத்துல."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"போன ஜெயந்திக்கு வீட்டுக்கு வந்துச்சு. வெண்ணெய் வச்சேன்."

அந்தம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பாதிக் கேள்வியிலேயே ஆல்பர்ட்டுக்கு விஷயம் புரிந்து காப்பி கையில் கொட்டியது. ஆனால் ஹெலிகாப்டருக்குச் சொல்லிவிட்ட பிறகு இது மாவு என்று எந்த வாயால் சொல்வது?

"அக்கா, பிள்ளை கிடைக்காம வண்டி நகராது. புகார் எழுதப் போறாங்க. முடிஞ்சுது நம்ம கதை."

குருவம்மாவுக்கு டென்வர் கண்ணில் இருட்டியது. ஆனாலும் பிள்ளை வளர்த்த புத்தி சும்மா இருக்குமா? போன பிள்ளை திரும்பி வந்தால் போதும், அவ்வளவுதானே? முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அந்த நாலு சீடையும் கரைந்தது. எல்லோரும் பள்ளத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஓரத்திலிருந்து வேன் படி வரைக்கும் குதிகாலைத் திருப்பிப் போட்டுப் பிஞ்சுக் கால் வைத்து முடித்தாள்.

தொப்பியம்மா திரும்பினாள். பார்த்தாள். நெஞ்சில் கை வைத்து அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கயிற்றுக்காரர்கள் கை தட்டினார்கள்.

"வேன்லதான் இருக்கு. தூங்குது," என்றான் ஆல்பர்ட், பல் கிட்டித்துக்கொள்ள.

தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பார்க்க எந்த ஊர்ப் பொம்பளைக்கு மனசு வரும்? அந்தம்மா உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கினாள். புகாரும் எழுதவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள்: குழந்தையைத் தனி இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டாமல் வண்டி எடுக்கக் கூடாது, அது சட்டம். தன் அலுவலகத்திலிருந்தே ஒரு குழந்தை நாற்காலியும் கொடுத்து அனுப்பினாள்.

சட்டம் என்றால் சட்டம். நாற்காலியை வேனில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, பெல்ட்டை இறுக்கிப் பூட்டினார்கள். "வேணாம்க்கா, அதுல யாரும் இல்ல," என்று ஆல்பர்ட் ஒரு தடவைதான் சொன்னான். "மெதுவாப் பேசு, முழிச்சுக்கப் போகுது," என்று மோக்கையன் அவன் வாயை அடைத்தார்.

மறுநாள் டென்வரில் வேன் நின்றதுமே தங்கையா ஓடி வந்தான். மீசை, தொப்பை, தம்பி முழுசாக மாறியிருந்தான். "அக்கா!" என்று அவன் கையை விரிக்க, குருவம்மா வேனிலிருந்து குதித்து இறங்கினாள். இந்த நிமிஷத்துக்குத்தானே இத்தனை பாடு!

"சீடை மாவு கொண்டு வந்தியாக்கா?"

"மாவெல்லாம் பிள்ளை காலுக்கே சரியாப் போச்சுடா."

"எந்தப் பிள்ளை?"

குருவம்மா அவன் கையைப் பிடித்து வேனுக்குள் இழுத்தாள்.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம் தங்கையா. முதல்ல இந்த பெல்ட்டைக் கழட்டி விடு. எங்க யாருக்கும் தெரியலை. பிள்ளை நேத்துலேருந்து அப்படியே உட்கார்ந்திருக்கு."