பை கட்டும் நேரம்

"நாள் பத்தலைம்மா," என்றாள் தையல்நாயகி.

மங்கையம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அந்த மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. தையல்நாயகியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

"முப்பத்தோரு வருஷம் போஸ்ட் ஆபீஸை ஒத்தை ஆளாக் கட்டி மேய்ச்சேன். ஒரு நாள் பிந்தினதில்லை. இப்போ ரிட்டயர் ஆகி இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். வேலையும் இல்லை, நேரமும் இல்லை. இது என்ன கூத்து?"

"எதுக்கு நேரம் இல்லை?"

தையல்நாயகி ஒரு நோட்டை நீட்டினாள். உள்ளே கோடு போட்ட கட்டங்கள். ஐந்து மணி, தியானம். ஆறு மணி, கோலம். நான்கு மணிக் கட்டத்தில், 'அக்காவுக்குக் கடிதம்'.

குரு பக்கத்தைப் புரட்டினார். மறுநாளும் நான்கு மணிக்கு அக்காவுக்குக் கடிதம். அதற்கு மறுநாளும்.

"பாசக்காரத் தங்கச்சிதான். தினம் ஒண்ணு எழுதறீங்களா?"

"கேலி பண்ணாதீங்கம்மா. ஒண்ணுகூட எழுதலை. ரெண்டு மாசமாச்சு."

அக்காவுக்குக் காது போய்ப் பல வருடம். போனில் பேச வழியில்லை. இப்போது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. 'இன்னும் கொஞ்ச நாள்தான் எழுத்து தெரியுமாம். அதுக்குள்ளே உன் கையெழுத்தை ஒரு தடவை பார்த்துடணும்' என்று எழுதியிருந்தாள்.

"ஏன் எழுதலை?"

"நாலு வரியில முடியற விஷயமாம்மா? அம்மா போன பிறகு என்னை வளர்த்தவ அவ. நானா வாரினா வகிடு கோணலாப் போகுதுன்னு தினம் அவதான் தலை வாரிவிடுவா. நிதானமா உட்கார்ந்து, முதல்லேருந்து எழுதணும். அதுக்கு ஒரு முழுப் பகல் வேணும்."

"வேலைதான் இல்லையே. பகல் எங்க போச்சு?"

"ஒரு நாள் சாம்பார்ப் பொடி அரைக்கப் போனேன். ஒரு நாள்..." தையல்நாயகி குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கட்டத்துக்கெல்லாம் கோடு போட்டேன்."

குரு சிரிக்கவில்லை. இரண்டு மொச்சை உரித்தார்.

"உங்க ஊர்ல தபால் எப்போ போகும்?"

தையல்நாயகியின் முகமே மாறிவிட்டது.

"மூணு நாற்பது பஸ்ஸுக்கும்மா. மூணரைக்குப் பையைக் கட்டிடுவேன். சணல் முடிச்சு, அதுமேல அரக்கை உருக்கி முத்திரை. அந்த வாசனை இன்னும் மூக்குலயே நிக்குது. மூணு இருபத்தஞ்சுக்குத்தான் ஊரே ஓடி வரும். நாத்து நட்ட கையோட, காலெல்லாம் சேறு. 'போஸ்டம்மா, பையைக் கட்டிடாதே! எம்மவனுக்கு ரெண்டு வரி எழுதிக் குடு!' நின்னுக்கிட்டே எழுதுவேன்."

"அஞ்சு நிமிஷத்துல என்னத்த எழுதிட முடியும்?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! ராக்காயின்னு ஒருத்தி. மகன் கோவிச்சுக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான். என்ன எழுதன்னு கேட்டேன். 'மாடு கன்னு போட்டிருக்கு, சீம்பால் குடிக்கத்தான் ஆளில்லை'ன்னா. அவ்வளவுதான் எழுதினேன். மூணாம் நாள் பயல் வாசல்ல நிக்கிறான்!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அது ஒரு காலம்."

குரு முறத்தைத் தள்ளி வைத்தார்.

"தையல்நாயகிம்மா."

"சொல்லுங்க."

"உங்க அக்கா கண்ணுல எத்தனை மணிக்குப் பையைக் கட்டறாங்க?"

வெளியே யாரோ கிணற்றில் வாளியை இறக்கும் சத்தம் கேட்டது.

தையல்நாயகி எழுந்து அடுக்களைக்குள் ஓடினாள். டப்பாக்கள் மேல் பெயர் எழுதும் தடித்த மார்க்கரும் கொஞ்சம் வெள்ளைத் தாளும் எடுத்துவந்தாள். மொச்சைத் தோலை ஒதுக்கிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

முதல் தாள் முழுக்க, உள்ளங்கை அகல எழுத்தில், 'அக்கா' என்று எழுதினாள்.

அடுத்த தாளில், 'இன்னும்'.

அதற்கடுத்ததில், 'வகிடு'.

நான்காவதில், 'கோணல்தான்'.

ஐந்தாவது தாளை எடுக்கவில்லை. நான்கையும் மடித்துக்கொண்டு, தபாலில் போடச் செருப்பைத் தேடினாள்.