அடைக்கோழியின் வெற்றி

முன்னொரு காலத்தில் கொண்டலூர் நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் சேவல் வளர்த்தான். மிச்ச நேரத்தில் ஆண்டான்.

அங்கே சட்டம் போட ஊர்ச்சபை, அதை நடத்தக் காவல் தலைவன், வழக்குக் கேட்க நீதிபதி என்று ஆளுக்கொரு வேலை. அமைச்சர் வெண்காடரைக் கண்டாலே வயிறெரியும் பிரபு குணபூஷணர், ஒருநாள் நெய்யில் பொரித்த குரலில் ஆரம்பித்தார். “மகாராஜா, ஒரு நாட்டை நடத்த இத்தனை பேரா? எல்லாம் ஒரே கையில் இருந்தால் சேவலோடு இருக்கத் தங்களுக்கு நேரம் மிஞ்சுமே.”

ராஜா காதில் சேவல் மட்டும் விழுந்தது. இனி எங்கேயும் பொறுப்பில் இருப்பவனே விதி போடுவான், நடத்துவான், தீர்ப்பும் சொல்வான் என்று முரசறைந்தாயிற்று. ஊருக்குப் பொறுப்பு குணபூஷணர்.

அவருக்குக் குயவர் தெருப் பொன்னுருவியின் சூளைமேட்டின் மேல் வெகுநாள் கண். ஊஞ்சல் மண்டபம் கட்ட வாகான இடமாம். காலையில், சூளைப்புகை ராஜத்துரோகம் என்று சட்டம் போட்டார். மத்தியானம் அவரே போய் அவள் கழுதையைப் பிடித்தார். சாயங்காலம் அவரே நீதிபதியாகக் கனைத்துக்கொண்டு, மேடு எனக்கு, நாளைக்குள் நீ ஊரைவிட்டுப் போ என்று தீர்த்தார்.

பொன்னுருவி அமைச்சரிடம் ஓடினாள். “எந்த வாசல்ல போய் நின்னாலும் அந்த ஆளேதான் சாமி உட்கார்ந்திருக்காரு.”

வெண்காடர் கேட்டது ஒன்றுதான்: வீட்டில் அடைக்கோழி இருக்கிறதா?

மறுநாள் சேவற்கட்டு. தோற்றே அறியாத ராஜாவின் சேவல் இடிமுழக்கத்துக்கு எதிராகப் பொன்னுருவியின் அடைக்கோழியை இறக்கினார் அமைச்சர். ராஜா கிரீடம் சாயச் சிரித்தான். இன்றைக்குக் களத்துப் பொறுப்பு எனக்கு வேண்டும் என்று அமைச்சர் கேட்டதும் சிரித்தபடியே கொடுத்தான்.

கோழி சேவலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தது.

“முதலில் உட்கார்ந்ததே ஜெயித்தது” என்றார் அமைச்சர்.

“இது எப்போ போட்ட விதி?”

“இப்போதுதான், மகாராஜா.”

“நடுவரைக் கூப்பிடு.”

“இதோ நிற்கிறேன். விதி சரி, தீர்ப்பும் சரி.”

தோற்ற சேவல், ஜெயித்தவர் வீட்டுக் குழம்புக்கு. அதுதான் களத்து வழக்கம். அமைச்சரே இடிமுழக்கத்தின் காலைக் கட்டிப் பொன்னுருவி கையில் கொடுத்தார். மிளகு தூக்கலாகப் போடலாமா என்று அவள் பணிவாக விசாரித்தாள்.

ராஜா பாய்ந்து சேவலைப் பிடுங்கிக்கொண்டான். “விதியும் நீ, பிடிக்கிறதும் நீ, தீர்ப்பும் நீயா? என் சேவல் யார்கிட்டய்யா போய் நியாயம் கேட்கும்?”

“நேற்றிலிருந்து இந்தம்மாவும் அதைத்தான் கேட்கிறார், மகாராஜா.”

நடந்ததையெல்லாம் கேட்டதும் ராஜா சேவலைக் கீழே விட்டு வாளை உருவி, குணபூஷணர் தலையை இப்போதே சீவுகிறேன் என்று கிளம்பினான். “இதுவும் ஒரே கைதானே, மகாராஜா?” என்றார் அமைச்சர். சேவலைத் தூக்கி மறுபடி பொன்னுருவியிடம் நீட்டினார்.

வாள் உறைக்குள் போனது. “சரி, சரி. நீதிபதியையே கூப்பிடுங்கள்.”

ஊர்ச்சபை திரும்பியது, புகைச் சட்டத்தைத் தள்ளியது. நீதிபதி இரு பக்கமும் கேட்டார். மேடும் கழுதையும் பொன்னுருவிக்கு. மழைக்காலம் வரும்வரை அவளுக்குக் களிமண் மிதிக்கும் வேலை குணபூஷணருக்கு. ராஜா பரிசளித்த முத்துமாலையை அமைச்சர் கோழிக்கு முன்னால் வைத்தார். அது அதையும் அடைகாத்தது.

அப்புறம் அந்த நாட்டில் எல்லாப் பொறுப்பையும் ஒரே கையில் கொடுக்க ராஜாவுக்கு எப்போது கை அரித்தாலும் சரி, கூட்டத்தின் பின்னாலிருந்து யாராவது கொக்கரக்கோ என்றால் போதும். கை தானாக மடிக்குத் திரும்பிவிடும்.