சுருளிவேல் ஜீப்புக்கு லாரி பிரேக் வைத்த கதை

சுருளிவேலின் ஜீப்பைத் தூரத்தில் பார்த்தால் கோயில் தேரை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல இருக்கும். டிராக்டருக்குப் போடவேண்டிய டயர், மண்டையில் வரிசையாக லைட்டு, ஏறுவதற்குத் தனியாக ஓர் ஏணி. அவன் வாய் மட்டும் அந்த வண்டியைவிட ஒரு முழம் உயரம்.

போடிமெட்டு டீக்கடை வாசலில் அந்தத் தேரைச் சுற்றிச் சுற்றி வந்தாள் செவனம்மா. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை வேலைக்குக் கூட்டிப்போகிறவள். இந்த சீசன் முழுக்க யார் ஜீப்பில் அவர்களை மலை இறக்குவது என்று இன்றைக்கு அவள் முடிவுசெய்தாக வேண்டும். போன சீசனில் வந்த வேறொரு ஜீப் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதி, அந்தப் பெண்களில் ஒருத்தியான பஞ்சவர்ணத்தின் கை முறிந்தது. அந்தக் கை இன்னும் சோற்றைப் பிசையவில்லை. அவள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் செவனம்மா தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

“பிரேக்கு எப்பிடிப்பா?” என்றாள். கேட்டது அவ்வளவுதான்.

“அப்பிடிக் கேளுக்கா!” சுருளிவேல் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டிக் கடாசிட்டேன். மிதிச்சா ஆயிலைத் தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்கவைக்குதே, அந்தச் சாமான். இப்ப மாட்டியிருக்கிறது பெரிய லாரியோடது. மிதிக்கவே வேணாம், மிதிக்கணும்னு நெனச்சாலே நின்னுருது.”

“நீ எப்படா நெனச்ச?” என்றார் மொக்கச்சாமி. அவரும் ஜீப் ஓட்டுகிறவர்தான். அவர் வண்டியில் லைட்டு இரண்டே இரண்டு. அதில் ஒன்று கொஞ்சம் மங்கல்.

சுருளிவேல் அதைக் காதில் வாங்கவில்லை. “முந்தாநாள் ஒரு கொண்டை ஊசி வளைவுல லேசாத் தொட்டேன்க்கா. வண்டி நின்னுருச்சு. வண்டிச் சத்தம் மட்டும் அடுத்த வளைவு வரைக்கும் போய், வண்டியைக் காணோமேன்னு திரும்பி வந்துச்சு.”

செவனம்மாவோடு வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அது சிரிப்பென்று அவனுக்குத் தெரியாது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்தான்.

“நேத்து ஒரு மெட்ராஸ்காரரு பின்சீட்டுல தூங்கிக்கிட்டு வந்தாரு. ஒரு மிதி! ஆளு முன்சீட்டுல முழிக்கிறாரு. அவரு கண்டுக்கிட்டிருந்த கனவு இன்னும் பின்சீட்டுலயே கெடக்கு.”

“தொடைச்சு வச்சுக்கப்பா, அடுத்த ஆளுக்கு ஆகும்,” என்றார் மொக்கச்சாமி.

“சிரிங்கண்ணே. சாயங்காலம் காட்டுமாடு ஒண்ணு கொம்பைச் சாச்சுக்கிட்டு நேரா வருது. மிதிச்சேன். வண்டி நின்னுச்சு, மாடு நின்னுச்சு, பக்கத்துல ஓடுற ஓடைத் தண்ணியும் நின்னுச்சு. மாடு என்னைப் பாத்து, ‘காலை எடுங்க சாமி, நான் போகணும்’கிற மாதிரி தலையை ஆட்டுது.”

“பேசலையா?” என்றார் மொக்கச்சாமி.

“பேசியிருக்கும். வாயும்ல நின்னுபோச்சு!” அவன் குரலைத் தாழ்த்தினான். “நேத்து பொழுது அடையக் கொஞ்சம் லேட்டாச்சே, யாராவது கவனிச்சீங்களா? நாந்தேன். கொஞ்சம் அழுத்தி மிதிச்சுட்டேன். பூமி ஒரு நிமிசம் சுத்தாம நின்னுருச்சு. பாவமாப் போச்சு, காலை எடுத்துட்டேன்.”

செவனம்மா சிரிக்கவில்லை. “எறங்கு. நான் ஒருக்க மிதிச்சுப் பாக்குறேன்,” என்று ஏணியில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தாள். அசையவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் மிதித்தாள். ஆட்டுக்கல்லை உதைத்ததுபோல உள்ளங்கால்தான் வலித்தது.

மொக்கச்சாமி ஏறி, இஞ்சினை ஓடவிட்டு, சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தார். ஏதோ ஒரு விரற்கடை இறங்கியது. மூச்சு வாங்கியபடி, “அடேய், லாரியில காலுக்குத் துணைக்கு பூஸ்டர் இருக்கும்டா,” என்றார். “அதை விட்டுட்டுச் சிலிண்டரை மட்டும் பெருசா மாட்டுனா மிதி எறங்குமா? யாருடா மாட்டுனது?”

“நானேதான்! கடையில இருந்ததுலயே பெருசு எதுன்னு கேட்டு வாங்குனேன்.”

செவனம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இவன் வாயை நம்பி இன்னும் எத்தனை கையை முறிப்பது? “பூமியை நிறுத்துற பிரேக்கு என் காலுக்கு எறங்கலையே, ஏன்?”

சுருளிவேல் கொஞ்சமும் அசரவில்லை. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, வலது காலைத் தூக்கி ஏணிப்படியில் வைத்தான்.

“எப்பிடிக்கா எறங்கும்? அது கண்ட காலுக்கும் எறங்காது. இந்த மலையிலேயே அந்த மிதியை எறக்குற காலு ஒண்ணே ஒண்ணுதான். நல்லாப் பாத்துக்க, இதுதான்.”

செவனம்மா அந்தக் காலை நன்றாகப் பார்த்தாள். பிறகு மொக்கச்சாமியின் ஜீப்பில் ஏறச்சொல்லிப் பெண்களுக்குக் கை காட்டினாள்.

“அப்ப அந்தக் காலை மட்டும் ஏத்திக்கிட்டுப் போப்பா. வேற யாரையும் ஏத்திராத.”